போக்கிமொன் போட்டியில் அதிர்ஷ்ட உத்திகளைத் தடை செய்யலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போயா (முழுநிலா) விடுமுறைகளில் இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நாங்கள் நடத்தும் சின்னப் போக்கிமொன் போட்டிக்கு கொட்டகலை, டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். பெயர் பதியும் மேசையிலேயே வாக்குவாதம் தொடங்கிவிடும். அது ஏன் கூடாது, இது மட்டும் ஏன் கூடும், யார் சொன்ன சட்டம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். நாங்கள் விளையாடுவது ஷோடவுன் என்ற இலவச சிமியுலேட்டரில், ஆளுக்கு ஆறு போக்கிமொன், ஒன்றுக்கு ஒன்று சண்டை. போக்கிமொன் என்பவை வீடியோ கேமில் சண்டை போடும் கற்பனைப் பிராணிகள். அவை போடும் அடியோ வித்தையோதான் மூவ், கூடவே இருக்கும் தனி இயல்பு எபிலிட்டி, இரண்டு பேரும் ஒவ்வொரு தெரிவு செய்து முடிப்பது ஒரு டேர்ன்.

மூவ் எதுன்னு நாமதானே தெரிவு செய்றோம், இதுல லக் எங்க வருது?

தெரிவு உங்களுடையது. விளைவை முடிவு செய்வது கேம். ஒரே அடி ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு வலிக்காது. கணக்கிட்ட சேதத்தில் 85 முதல் 100 வீதம் வரை பதினாறு அளவுகளில் ஒன்றைக் கேம் எடுத்துக்கொள்ளும். அடுத்து, அடி படுமா தவறுமா என்பது. அப்புறம் கிரிட்டிக்கல் அடி. இப்போதைய கேம்களில் அது 24இல் ஒரு தடவை விழும், விழுந்தால் சேதம் ஒன்றரை மடங்கு. இவை போக எரிகாயம், பக்கவாதம், திடுக்கிட்டு ஒரு டேர்ன் நின்றுவிடுவது போன்ற பக்க விளைவுகள் இருக்கின்றன.

1996இல் ஜப்பானில் வந்த முதல் கேம்களில் இது இன்னும் மோசம். கிரிட்டிக்கல் விழும் வாய்ப்பு அந்தப் போக்கிமொனின் ஸ்பீடைப் பொறுத்திருந்ததால் வேகமானவற்றுக்கு இரட்டை லாபம். நூறு வீதம் படும் என்று எழுதியிருந்த மூவ் கூட, நிரலில் இருந்த ஒரு பிழையால் 256இல் ஒரு தடவை தவறியது.

அதிர்ஷ்டம் அதிர்ஷ்டம்னு பேசிக்கிறாங்களே, இது சூதாட்டமா பிள்ளை? எங்க மகன் காசு வைக்கிறானா?

இல்லைங்க. காசு வைப்பதில்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. நீங்கள் 304 விளையாடியிருப்பீர்கள். கைக்கு என்ன சீட்டு வரும் என்பது உங்கள் வசத்தில் இல்லை. ஆனால் எவ்வளவுக்குக் கேட்பது, எதைத் துரும்பாக வைப்பது, எந்தச் சீட்டை எப்போது இறக்குவது என்பதில்தான் கெட்டிக்காரர் யார் என்று தெரியும். இதுவும் அந்த வகைதான். நாங்கள் சண்டை பிடிப்பது, கெட்டிக்காரத்தனத்துக்கு இடமே இல்லாமல் செய்கிற சில உத்திகளைப் பற்றி.

லக் கெட்டதுன்னா லக் உள்ள எல்லாத்தையும் தடை செஞ்சிட்டா என்ன?

கேமே மிஞ்சாது. முப்பது அடிகள் விழுகிற ஒரு ஆட்டத்தில் ஒரு கிரிட்டிக்கலாவது வர 72 வீத வாய்ப்பு இருக்கிறது. அதைத் தடை செய்ய வழியும் இல்லை, தடை செய்தால் நல்லதும் இல்லை. எதிராளி தன் டிஃபென்ஸை ஏற்றிக்கொண்டே போய் அசையாமல் உட்கார்ந்தால், அந்த ஏற்றத்தைப் பொருட்படுத்தாமல் உள்ளே இறங்குவது கிரிட்டிக்கல் அடிதான்.

நாமே விலை கொடுத்து வாங்குகிற அதிர்ஷ்டமும் உண்டு. சர்ஃப் என்ற நீர் மூவ் 90 பலம், எப்போதும் படும். ஹைட்ரோ பம்ப் 110 பலம், 80 வீதம்தான் படும். பெருக்கிப் பாருங்கள், ஹைட்ரோ பம்ப்பின் சராசரி 88. சர்ஃபை விடக் குறைவு. அப்படியிருந்தும் நல்ல ஆட்டக்காரர்கள் அதை எடுக்கிறார்கள், ஏனென்றால் சர்ஃப் அடித்தால் கொஞ்சம் உயிரோடு தப்பிக்கிற எதிரி ஹைட்ரோ பம்ப்பில் விழுந்துவிடும். இரண்டு தடவை அடிக்க வேண்டி வந்தால் இரண்டும் படுவதற்கு 64 வீதம்தான் என்பது தெரிந்தேதான் எடுக்கிறார்கள். தவறினால் வருத்தமாக இருக்கும், ஆனால் அது அவர்கள் எடுத்த முடிவு. அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

அப்போ எதைத்தான் தடை செஞ்சிருக்கீங்க அக்கா?

டபுள் டீம், மினிமைஸ் போன்று தன்மேல் அடி படாமல் நழுவும் வாய்ப்பைக் கூட்டுகிற மூவ்கள். ஒரே அடியில் கொல்லும் நான்கு மூவ்கள்: ஃபிஷர், ஹார்ன் ட்ரில், கிலட்டின், ஷீயர் கோல்ட். ஒவ்வொரு டேர்னிலும் ஏதோ ஒரு பலத்தைத் தானாக ஏற்றிவிடும் மூடி (Moody) என்ற எபிலிட்டி. நழுவ வைக்கும் பிரைட் பவுடர், லாக்ஸ் இன்சென்ஸ், எதிரியைத் திடுக்கிட வைக்கும் கிங்ஸ் ராக் ஆகிய பொருட்கள். எதிர் அணியில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் தூங்க வைப்பதும் கூடாது.

எதைச் சேர்ப்பது என்று பார்க்க எங்களிடம் உள்ள அளவுகோல் ஒன்றே ஒன்று. இந்த உத்தி ஓட ஆரம்பித்த பிறகு, எதிரில் உள்ளவர் யோசித்துச் செய்யக்கூடியது ஏதாவது மிஞ்சுகிறதா? மிஞ்சினால் விட்டுவிடுவோம். அவர் என்ன செய்தாலும் கேம் போடும் எண்தான் முடிவு என்றால் தடை.

டபுள் டீம் வெறும் ஒரு படிதானே ஏத்துது, அதுக்கு ஏன் இவ்வளவு பயம்?

ஒரு படியில் நிறுத்துபவர் யாரும் இல்லை. ஒரு படி ஏறினால் எதிராளியின் நூறு வீத அடி 75 ஆகும். மூன்று படியில் 50. ஆறில் 33. டபுள் டீம் ஒவ்வொரு படியாக ஏற்றும். மினிமைஸ் ஐந்தாம் தலைமுறை கேம்களிலிருந்து (போக்கிமொன் கேம்கள் தலைமுறை தலைமுறையாக வெளியாகும்) இரண்டிரண்டாக ஏற்றுகிறது, அதாவது மூன்றே டேர்னில் உச்சம்.

தடை இல்லாமல் நடந்த ஒரு நட்பு ஆட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு பக்கம் நிறைய எச்.பி. (உயிர்ப் பலம்) உள்ள சான்சி, மறு பக்கம் பலமாக அடிக்கும் கார்ச்சோம்ப். கார்ச்சோம்ப் வைத்திருந்த தம்பி முதல் டேர்னிலேயே எர்த்குவேக் அடித்தான், பட்டது. சான்சி மினிமைஸ். அடுத்ததும் பட்டது, சான்சி சாஃப்ட் பாயில்ட் போட்டுப் பாதி எச்.பி.யைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மறுபடி மினிமைஸ், எர்த்குவேக் மிஸ். மறுபடி மினிமைஸ், மிஸ். அதற்குப் பிறகு அந்தத் தம்பி திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். பெருவிரல் மட்டும் எர்த்குவேக் மேல் தட்டிக்கொண்டிருந்தது. வேறு போக்கிமொனை மாற்றினால் அதற்கும் மூன்றில் ஒரு அடிதான் படும். சான்சி சைஸ்மிக் டாஸ் போட்டுப் போட்டு ஒவ்வொன்றாக இறக்கியது. தம்பி எங்கும் பிழையாக விளையாடவில்லை, விளையாட அவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நான் இந்தத் தடைக்காக வாதாடுவது அந்தப் பெருவிரலைப் பார்த்ததால்தான்.

ஃபிஷர் 30 வீதம்தானே, 70 வீதம் மிஸ் ஆகும். அது போடுறவனுக்குத்தானே நட்டம்?

ஒரு தடவை போட்டால் அப்படித்தான். இரண்டு தடவை போட்டால் ஒன்றாவது பட 51 வீதம். மூன்று தடவைக்கு 66 வீதம். நல்ல டிஃபென்ஸ் உள்ள ஒரு போக்கிமொன் மூன்று டேர்ன் தாக்குப் பிடிப்பது பெரிய விஷயமில்லை. இரண்டு பக்கமும் ஒரே லெவல் என்பதால் இந்த 30 கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. எதிராளி எவ்வளவு பார்த்துப் பார்த்து அணி கட்டியிருந்தாலும் இந்த மூவுக்கு எல்லாம் ஒன்றுதான். ஸ்டர்டி எபிலிட்டி உள்ளதையும், ஃபிஷர் போன்ற நில வகை அடி படாத பறக்கும் வகையையும் தவிர.

நழுவுறதுக்கு மருந்து இருக்கே! ஏரியல் ஏஸ், ஸ்விஃப்ட், ஹேஸ், டோன்ட், ரோர். அதை வைக்காதவன் பிழைதானே?

நியாயமான கேள்வி. தடையை எதிர்ப்பவர்கள் சொல்வதில் வலுவானது இதுதான். இந்த மருந்துகள் வேலை செய்யும் என்பதும் உண்மை. ஏரியல் ஏஸும் ஸ்விஃப்டும் தவறவே தவறாது. ஹேஸ் எல்லா ஏற்றத்தையும் துடைத்துவிடும். டோன்ட் மினிமைஸ் போடவே விடாது. ரோர் விரட்டிவிடும்.

விலையைப் பாருங்கள். ஆறு போக்கிமொனுக்கு நான்கு நான்காக 24 மூவ். ஏரியல் ஏஸும் ஸ்விஃப்டும் வெறும் 60 பலம். சான்சியைப் போன்ற ஒன்றை 60 பலத்தில் அடித்தால் சாஃப்ட் பாயில்ட் சிரமமில்லாமல் ஆற்றிவிடும். ஹேஸ், டோன்ட், ரோர் வைத்திருப்பது உயிரோடு இருக்க வேண்டும், சரியான நேரத்தில் உள்ளே வர வேண்டும், அது வருவதற்குள் மூன்று மினிமைஸ் முடிந்திருக்கக் கூடாது. மருந்து இருந்தால் சான்சிக்காரர் முதல் டேர்னிலேயே தோற்றார், இல்லாவிட்டால் எதிராளி தோற்றார். இரண்டிலும் ஆட்டம் வீட்டில் அணி கட்டும்போதே முடிந்துவிடுகிறது. பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறி ஒருவர் வருவது அதைப் பார்ப்பதற்கு அல்ல.

நிண்டெண்டோவோட அதிகாரபூர்வப் போட்டில டபுள் டீமுக்குத் தடை இல்லையே. ஸ்மோகன் சொன்னா நாம கேக்கணுமா?

கேட்க வேண்டியதில்லை. ஸ்மோகன் ரசிகர்கள் நடத்தும் ஒரு சமூகம், யார்மீதும் அதிகாரம் உள்ள அமைப்பு அல்ல. ஆனால் இரண்டு இடத்திலும் விளையாடுவது ஒரே ஆட்டம் அல்ல என்பதைக் கவனியுங்கள். அதிகாரபூர்வ விஜிசி போட்டியில் ஆறைக் காட்டி நான்கைத்தான் இறக்குவார்கள், இரண்டுக்கு இரண்டாகச் சண்டை. அங்கே ஒன்று டபுள் டீம் போட்டுக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் எதிரில் உள்ள இரண்டும் சேர்ந்து அதையோ அதன் கூட்டாளியையோ அடித்து விழுத்திவிடும். ஏற்றிக்கொண்டு உட்கார நேரம் கிடைக்காது. நாங்கள் விளையாடுவது ஒன்றுக்கு ஒன்று, ஆறும் இறங்கும். இங்கே நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. விஜிசி மாதிரி விளையாட ஒரு நாள் ஒதுக்கினால் அன்று இந்தத் தடையை எடுத்துவிட நான் முழுச் சம்மதம்.

ஸ்மோகனிடம் நாங்கள் எடுத்துக்கொண்டது வேறு ஒன்று. ஐந்தாம் தலைமுறை கேமில், மணல் புயலில் நழுவும் வாய்ப்பைக் கூட்டும் சாண்ட் வெயில் எபிலிட்டியால் கார்ச்சோம்ப்பையே முதலில் விலக்கி வைத்தார்கள். பிறகு அந்த எபிலிட்டியை மட்டும் தடை செய்து, ரஃப் ஸ்கின் எபிலிட்டியோடு கார்ச்சோம்ப்பைத் திரும்ப உள்ளே விட்டார்கள். கெடுக்கிற பாகம் எதுவோ அதை மட்டும் எடுக்கும் அந்த முறைதான் எங்களுக்கும் பிடித்தது. சான்சி இன்றும் எங்கள் போட்டியில் வரலாம், மினிமைஸ் இல்லாமல்.

கிங்ஸ் ராக் பத்து வீதம்தானே?

எதிரி திடுக்கிடும் வாய்ப்பு ஒரு அடிக்குப் பத்து. ஸ்கில் லிங்க் எபிலிட்டி உள்ள கிளாய்ஸ்டர் என்ற போக்கிமொன் ஒரே டேர்னில் ஐந்து அடி அடிக்கும், அப்போது 41 வீதம். ஸ்மோகனும் கடைசியில் அதைத் தடை செய்துவிட்டது.

தூங்க வைக்கிறது லக்கா? ஸ்போர் நூறு வீதம் படுதே.

படுவதில் லக் இல்லை, எழும்புவதில்தான். ஒரு டேர்னில் எழும்பலாம், மூன்று டேர்னும் ஆகலாம். ஒன்று தூங்கினால் சமாளிக்கலாம், மூன்று தூங்கினால் ஆட்டம் இல்லை. அதனால்தான் ஒரே நேரத்தில் ஒன்றுதான் என்ற விதி. இது நிண்டெண்டோவின் பழைய ஸ்டேடியம் கேம்களிலேயே இருந்தது. ஸ்மோகன் 2024இல் ஒரு படி மேலே போய், ஒன்பதாம் தலைமுறையின் முக்கியப் பிரிவில் தூங்க வைக்கும் மூவ்களையே தடை செய்தது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. புல் வகைப் போக்கிமொன்கள்மேல் ஸ்போர் பலிக்காது, சேஃப்டி கொகிள்ஸ் போட்டால் எதன்மேலும் பலிக்காது. முதலாவது தூக்கத்தை யார் வாங்குவது என்று யோசிப்பதும் ஒரு முடிவுதான்.

வெளியே நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் விளையாடுபவர்கள் கவனிக்கவும்: இந்த விதியை ஷோடவுன் தானாகப் பார்த்துக்கொள்ளும், ஸ்விட்சில் இரண்டு பேரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜிராச்சிய மட்டும் ஏன் விட்டீங்க? பக்கவாதம் குடுத்து ஐயன் ஹெட் அடிச்சா நான் நூறு டேர்ன்ல முப்பதுலதான் அசையலாம். டபுள் டீம விட மோசமில்லையா?

கணக்கு சரி. ஜிராச்சி என்ற போக்கிமொனின் ஐயன் ஹெட் அடி திடுக்கிட வைக்கும் வாய்ப்பு 30, சீரீன் கிரேஸ் எபிலிட்டியால் அது 60. மிஞ்சும் 40இலும் பக்கவாதத்தால் கால்வாசி போய்விடும். மிஞ்சுவது 30. உச்சத்துக்கு ஏறிய மினிமைஸ் கூட 33 கொடுக்கும். எண்ணை மட்டும் பார்த்தால் ஜிராச்சியைத்தான் முதலில் விரட்ட வேண்டும்.

ஆனால் மேலே சொன்ன அளவுகோலை வைத்துப் பாருங்கள். திடுக்கிட்டாலும் பக்கவாதம் வந்தாலும் போக்கிமொனை மாற்றுவதை எதுவும் தடுக்காது. மாற்றுவது அடிகளுக்கு முன்பே நடந்துவிடும். ஐயன் ஹெட்டைத் தாங்கும் ஒரு ஸ்டீல் வகையையோ, பக்கவாதமே வராத மின்சார வகையையோ, திடுக்கிடாத இன்னர் ஃபோகஸ் உள்ளதையோ கொண்டு வரலாம். ஜிராச்சியை விட வேகமான ஒன்று முதலில் அடித்தால் திடுக்கிடும் பேச்சே இல்லை. அப்படி வேகமானதோ இன்னர் ஃபோகஸ் உள்ளதோ அடுத்து வந்தால், பக்கவாதம் வராதவரை முழு நூறு வீதத்தோடு அசையும். மினிமைஸ் போட்ட சான்சியிடம் அடுத்து வருவதற்கும் அதே மூன்றில் ஒன்றுதான். 30க்கும் 33க்கும் இடையில் இல்லாத வித்தியாசம் இங்கே இருக்கிறது. எரிச்சல் வரும் என்பதை மறுக்கவில்லை. எரிச்சல் தடைக்குக் காரணமாகாது.

ஸ்வாகர்?

ஸ்வாகர் எதிரியின் அட்டாக்கை ஏற்றி, அதைக் குழப்பிவிடும் மூவ். ஆறாம் தலைமுறையில், சேதமில்லாத மூவை முந்திப் போட வைக்கும் பிராங்ஸ்டர் எபிலிட்டி உள்ள கிளெஃப்கி என்ற போக்கிமொன் முந்திக்கொண்டு ஸ்வாகர் போடும். குழம்பிய போக்கிமொன் பாதி நேரம் தன்னையே அடித்துக்கொள்ளும், தப்பினால் ஃபவுல் பிளே அதன் ஏறிய அட்டாக்கை வைத்தே அதை அடிக்கும். மாற்றினால் புதிதாக வருவதற்கும் அதே முந்திய ஸ்வாகர். ஸ்மோகன் 2014இல் தடை செய்தது சரிதான். ஏழாம் தலைமுறையில் தன்னையே அடிப்பது மூன்றில் ஒன்றாகக் குறைந்தது, டார்க் வகைக்குப் பிராங்ஸ்டரின் இந்த வித்தை பலிக்காமல் போனது. எங்கள் பட்டியலில் இப்போது ஸ்வாகர் இல்லை. கேம் மாறினால் தடையும் மாற வேண்டும்.

தோத்தவங்கதான் எப்பவும் தடை கேக்குறாங்க. அது சரியா?

தோற்றவர் கேட்பதில் பிழை இல்லை, அன்றைக்கே கேட்பதுதான் பிழை. அதனால் நாங்கள் வைத்துள்ள ஒழுங்கு: போட்டி நாளில் எந்த விதியும் மாறாது. தடை வேண்டும் என்பவர் அடுத்த தடவைக்கு ரீப்ளேயோடு வர வேண்டும், அதில் ஒன்றாவது அவர் ஆடாத ஆட்டமாக இருக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து பார்ப்போம், ஒவ்வொரு டேர்னிலும் நிறுத்தி “இங்கே வேறு என்ன செய்திருக்கலாம்?” என்று கேட்போம். பதில் வந்துகொண்டே இருந்தால் தடை இல்லை. அந்த மேசையில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது போட்டியில் கற்பதை விட அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

தடைக்குப் பதிலா மூணு ஆட்டத்துல ரெண்டு ஜெயிக்கணும்னு வச்சா லக் தானா அடங்கிடாதா?

ஓரளவு அடங்கும். ஒரு ஆட்டத்தில் 60 வீதம் வெல்லக்கூடியவர் மூன்றுக்கு இரண்டில் 65 வீதம் வெல்வார், ஐந்துக்கு மூன்றில் 68. நல்லதுதான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடுகிறது. மினிமைஸ் ஆட்டங்கள் ஒவ்வொன்றும் இழுத்துக்கொண்டே போகும், அதை மூன்று தடவை ஆடினால் கடைசி பஸ் போய்விடும். அரை இறுதியிலிருந்து மூன்றுக்கு இரண்டு வைத்திருக்கிறோம், தடையும் சேர்த்து.

மழைக்கு சிக்னல் போய்ட்டா? கரண்ட் போய்ட்டா? அதுவும் லக் தானே அக்கா, அதுக்கு என்ன சட்டம்?

மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் ஹட்டன் பக்கம் இது அடிக்கடி நடக்கும். டைமர் முடிந்தால் ஷோடவுன் உங்களைத் தோற்றவராகக் காட்டும். நாங்கள் அதை ஏற்பதில்லை. கேமுக்குள் இருக்கும் அதிர்ஷ்டத்துக்கு இரண்டு பேரும் சம்மதித்து வந்திருக்கிறார்கள், மஸ்கெலியா பக்கம் மரம் விழுந்து கரண்ட் போவதற்கு யாரும் சம்மதிக்கவில்லை.

எல்லோருக்கும் போனால், இணைப்பு வந்ததும் அதே அணிகளோடு முதலிலிருந்து ஆடலாம். ஒரு பக்கம் ஒன்றே ஒன்று மிஞ்சி, மறு பக்கம் நான்கோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் அந்த ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு. ஒருவருக்கு மட்டும் சிக்னல் போனால் எதிராளியின் ஹொட்ஸ்பொட்டில் சேர்த்துக்கொள்ளலாம், மறுக்கக் கூடாது. டேட்டா முடிந்துபோனது மட்டும் அவரவர் பொறுப்பு. வரும்போதே ரீலோட் போட்டுக்கொண்டு வாருங்கள், போயா அன்று கீழே உள்ள கடை பூட்டியிருக்கும்.